சமயம் பேசாத தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கிறிஸ்துவின் இரக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில், மாலைக் குடும்ப ஜெபம் முடிந்ததும் தொலைக்காட்சியைப் போடாத வீடுகள் குறைவு. தமிழ்ச் சேனலிலிருந்து மலையாளச் சேனலுக்கு மாற ரிமோட்டில் ஒரு பொத்தானே போதும். வீடில்லாதவருக்கு வீடு கட்டித் தருவது, சிகிச்சைக்குப் பணம் திரட்டுவது, ஊருக்கு உழைத்த எளியவரை மேடையேற்றிப் பாராட்டுவது எனப் பிறருக்கு உதவுவதையே பொருளாகக் கொண்ட நிகழ்ச்சிகள் இரு மொழிகளிலும் வந்துகொண்டிருக்கின்றன. ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் என்னிடம் பெற்றோரும் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளும் அவற்றைக் குறித்துக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வசனங்களை, நம் வீடுகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

இயேசுவின் பெயரே உச்சரிக்கப்படாத ஒரு நிகழ்ச்சியில் கிறிஸ்தவ விழுமியம் எப்படி இருக்க முடியும்?

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையை இந்தக் கேள்வியோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆலயத்தோடு தொடர்புடைய இருவர், ஆசாரியனும் லேவியனும், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த யூதர்கள் சமய காரணத்தால் ஒதுக்கிவைத்திருந்த சமாரியன்தான் கிட்ட வருகிறான், காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரிக்கிறான். அவன் ஜெபித்ததாகவோ கடவுளைப் பற்றிப் பேசியதாகவோ அந்த உவமையில் ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று, தம்மிடம் கேள்வி கேட்ட நியாயசாஸ்திரிக்கு (வேதச் சட்ட அறிஞனுக்கு) ஆண்டவர் கட்டளையிட்டது அவனை முன்மாதிரியாகக் காட்டித்தான்.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது மலையாளச் செய்திச் சேனல்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மலப்புறம் மாவட்டத்தில், மீட்புப் படகின் உயரத்துக்குக் கால் எட்டாமல் பெண்கள் தவித்தபோது, தானூரைச் சேர்ந்த மீனவர் ஒருவர் தண்ணீருக்குள் முழங்காலிட்டுக் குனிந்து தம் முதுகைப் படியாகக் கொடுத்தார். பெண்கள் ஒவ்வொருவராக அந்த முதுகில் கால் வைத்துப் படகில் ஏறினார்கள். அவர் இஸ்லாமியர், அங்கே பிரசங்கம் எதுவும் நடக்கவில்லை. அதைப் பார்த்த அந்தக் கணத்தில், சீஷர்களின் கால்களைக் கழுவக் குனிந்த ஆண்டவரின் முதுகுதான் என் நினைவுக்கு வந்தது. அப்படி நினைவு வந்ததற்காக நான் வெட்கப்பட வேண்டியதில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

அப்படியானால் இயேசுவின் பெயரைச் சொல்லாமல் இருப்பதே மேலானதா?

இல்லை. சபையின் பணி அறிவிப்பது. அதை வேறு எதுவும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் பெயரைச் சொல்லாமலும் ஒருவர் தம் விசுவாசத்திலிருந்து செயல்பட முடியும் என்பதற்குத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1968 முதல் 2001 வரை குழந்தைகளுக்காக ஒரு நிகழ்ச்சியை நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ், 1963-இல் பிரஸ்பிடேரியன் சபையில் அருட்பொழிவு பெற்ற போதகர். பிள்ளைகளிடம் அவர் சுவிசேஷப் பிரசங்கம் செய்ததில்லை.

கறுப்பினத்தவரை வெள்ளையரோடு ஒரே நீச்சல் குளத்தில் இறங்கவிடக் கூடாது என்ற வெறுப்பு அந்நாட்டில் இன்னும் தணியாதிருந்த 1969-இல், ஒரு வெயில் நாளில் அவர் சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் கால்களை நனைத்தபடி உட்கார்ந்திருப்பார். காவலர் வேடத்தில் வரும் கறுப்பினக் கலைஞரைத் தம்மோடு உட்காரும்படி அழைப்பார். இருவருடைய கால்களும் ஒரே தண்ணீரில் இருக்கும். துடைத்துக்கொள்வதும் ஒரே துவாலையில்தான். ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவித் துடைத்த யோவான் 13-ஆம் அதிகாரத்தை அறிந்த எவருக்கும் அந்தத் தொட்டியும் துவாலையும் என்ன சொல்கின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்க விடாத சாதிக் கொடுமையை நம் பாட்டன் பாட்டிமார் அனுபவித்த திருவிதாங்கூர் மண்ணில் வாழ்கிற நமக்கு, அந்தக் காட்சி இன்னும் அருகில் வந்து பேச வேண்டும்.

இத்தகைய நிகழ்ச்சியைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நான் மிகுந்த அக்கறையோடு பதில் சொல்ல விரும்பும் கேள்வி இதுதான். ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் தவறான இடத்தில் கிறிஸ்துவைத் தேடுகிறோம். காசோலை தரும் நடிகரிடத்திலும் வீட்டுச் சாவியை நீட்டும் தொகுப்பாளரிடத்திலும் அவருடைய சாயலைக் காண முயல்கிறோம். ஆனால் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்று பாருங்கள்: "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்." கொடுக்கிறவரின் பக்கத்தில் அல்ல, பசியோடும் நோயோடும் வாங்குகிறவரின் பக்கத்திலேயே அவர் நிற்கிறார். அப்படியென்றால் நம் கண் முதலில் போக வேண்டியது உதவி பெறுகிறவரின் முகத்துக்கே. அவர் எப்படி நடத்தப்படுகிறார், என்ன கேட்கப்படுகிறார், எவ்வளவு நேரம் நிற்கவைக்கப்படுகிறார் என்பதைக் கவனித்தாலே அந்த நிகழ்ச்சியின் ஆவி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஒரு நிகழ்ச்சியில், மகனின் சிறுநீரகச் சிகிச்சைக்கு உதவி பெற வந்த தாயாரிடம் அவர் பட்ட துன்பத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லி முடித்தார். அது போதவில்லை போலும். கணவர் விட்டுப்போன நாளை மீண்டும் விவரிக்கச் சொன்னார்கள். அவர் தலை குனிந்து, சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். காமிரா அந்த விரல்களை நெருங்கிப் போயிற்று. வயலின் இசை கூடிற்று. கண்ணீர் வந்த பிறகே காசோலை வந்தது. பணம் உண்மையானதுதான், அந்தப் பிள்ளைக்கு அது தேவையானதும்தான். ஆனாலும் அந்தத் தாயார் அதற்கு ஒரு விலை கொடுத்தார் என்ற எண்ணம் என்னைவிட்டு அகலவில்லை. வேறொரு நிகழ்ச்சியில் இதே போன்ற ஒரு கட்டத்தில், தொகுப்பாளர் பேச்சை நிறுத்தி, காமிராவை அப்பால் திருப்பும்படி கையைக் காட்டிவிட்டு, அந்த முதியவருக்குத் தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். அந்த அரை நிமிடம் அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சி முழுவதையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது.

திருவள்ளுவர் இதைக் கூர்மையாக உணர்ந்திருந்தார். "இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல் குலனுடையான் கண்ணே உள" என்ற 223-ஆம் குறளுக்கு உரைகள் பல உண்டு. "என்னிடம் ஒன்றும் இல்லை" என்ற துன்பச் சொல்லை இரப்பவன் வாயால் சொல்ல நேரும் முன்பே குறிப்பறிந்து கொடுப்பது என்பது அவற்றுள் ஒன்று. சொல்லவைத்து, மறுபடியும் சொல்லவைத்து, அதன் பிறகே கொடுக்கும் முறை இந்த அளவுகோலில் தேறுவதில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் தாக்கிய பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் வாரக்கணக்காக மைக்குகளுக்கு முன்னால் அழுத நம் சகோதரிகளிடம் கேட்டால், இதன் பொருளை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

காமிராவுக்கு முன்னால் தர்மம் செய்வது மத்தேயு 6-ஆம் அதிகாரத்துக்கு விரோதம் அல்லவா?

"நீயோ தர்மஞ்செய்யும்போது, உன் தர்மம் அந்தரங்கமாயிருப்பதற்கு, உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனத்தை எந்த விளக்கத்தாலும் மழுங்கடிக்கக் கூடாது. மனுஷரால் புகழப்படுவதற்காகத் தாரை ஊதுகிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று ஆண்டவர் சொன்னது, விளம்பரதாரரின் பெயர் பொறித்த பெரிய அட்டைக் காசோலைக்கும் பொருந்தும். அதே வேளையில், "மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு, பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி" என்று ஒரு அதிகாரத்துக்கு முன்னால் சொன்னவரும் அவரே. ஏழை விதவை இரண்டு காசைப் போட்டதை அவர் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளோ தன்னை யாரும் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் போடவில்லை. தற்செயலாகக் கண்ணில் படும் நன்மைக்கும், படவேண்டும் என்றே செய்யப்படும் நன்மைக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஒருவருடைய உள்நோக்கத்தைத் திரைக்கு இப்பால் இருந்து தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை. ஆகவே நான் நடிகர்களை விட்டுவிட்டு என்னையே சோதிக்கிறேன்.

எங்கள் அம்மா ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியை எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த சிறு மண்கலயத்தில் போடுவார்கள். பிடியரிசி என்று நம் சபைகளில் எல்லாரும் அறிந்த வழக்கம் அது. மாதம் ஒருமுறை அது ஆலயத்துக்குப் போகும். எந்த வீட்டுக் கலயத்தில் எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் அரிசி குறைந்த ஆடி மழை நாட்களிலும் அந்தக் கை கலயத்தை நோக்கி நீண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையைத்தான் தொலைக்காட்சிக் கொடையோடு மனத்துக்குள் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு நாளில் வீடு கட்டித் தருவதும் லட்சக்கணக்கில் கொடுப்பதும் உண்மையான உதவிதானே?

உதவிதான், ஆனால் சமாரியன் செய்த ஒரு காரியம் அதில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. மறுநாள் புறப்படும்போது அவன் இரண்டு பணத்தைச் சத்திரத்தானிடம் கொடுத்து, "அதிகமாய் ஏதாகிலும் இவனுக்காகச் செலவழித்தால், நான் திரும்பிவரும்போது அதை உனக்குத் தருவேன்" என்றான். திரும்பி வருவேன் என்ற அந்தச் சொல்லை ஒரு எபிசோடுக்குள் அடக்க முடியாது. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2003 முதல் 2012 வரை வந்த 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' நிகழ்ச்சியில், துன்பப்பட்ட குடும்பங்களுக்கு ஒரே வாரத்தில் புதிய பெரிய வீடு கட்டித் தந்தார்கள். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் கூலி வாங்காமல் உழைத்தார்கள். அது அழகான காட்சி, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வீடு பெரிதானதால் வரியும் மின்கட்டணமும் பெரிதாகி, தாங்க முடியாமல் சில குடும்பங்கள் பின்னர் அந்த வீட்டை விற்கவோ இழக்கவோ நேர்ந்தது.

எதிர்ப்பக்கத்தில் நம் நெய்யூர் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்துக்கு 1922-இல் சென்ற பிரிட்டிஷ் குழுவில் இருந்த மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், அந்தப் பயணத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் அவருக்குக் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறுவைச் சிகிச்சை செய்தார். ஒரு நாள் பார்த்த காட்சி அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

நிகழ்ச்சிகளிலும் இப்படி வேர்வரை போக முயன்றவை உண்டு. ஆமிர் கான் நடத்தி 2012 மே 6-இல் தொடங்கிய 'சத்யமேவ ஜயதே' தமிழிலும் ஒளிபரப்பாயிற்று. ஒருவருக்குப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளாமல், பெண்கருக்கொலை ஏன் நடக்கிறது, யார் அதற்குத் துணை போகிறார்கள் என்று அதன் முதல் பகுதி கேட்டது. எரிகோ சாலையில் அடிபட்டவனைத் தூக்குவது எவ்வளவு அவசியமோ, அந்தச் சாலையில் கள்ளர் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்பதும் அவ்வளவு அவசியம்.

தொலைக்காட்சியே சாத்தானின் பெட்டி என்று எங்கள் போதகர் சொல்கிறார். பார்க்கலாமா?

உங்கள் போதகருக்கு நான் எதிர்ச்சாட்சி அல்ல. பெட்டியில் வரும் பலவற்றைக் குறித்து அவர் படும் கவலை நியாயமானது. மாமியார் மருமகள் ஒருவருக்கொருவர் விஷம் வைக்கும் தொடர்களை அரை மணி நேரம் பார்த்துவிட்டு உடனே வேதம் வாசிக்க உட்கார்ந்தால் மனம் எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது புறஜாதிப் புலவர்களின் வரியை எடுத்துச் சொல்லியே சத்தியத்தை விளக்கினார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1730-இல் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார், ஜி.யு. போப் 1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தங்கள் வேதத்தில் இல்லாத நூல் என்பதற்காக அவர்கள் அதை ஒதுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக, சமூகத் தொடர்புக் கருவிகளைக் குறித்துத் தனி ஆணையே வெளியிட்டு, அவற்றை நன்கு பயன்படுத்தக் கற்பித்தது. "புண்ணியம் எதுவோ, புகழ் எதுவோ அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்ற பிலிப்பியர் 4:8-ஐ ரிமோட்டின் அருகில் எழுதி வைத்தால், எதைப் பார்ப்பது என்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

ஓய்வுநாளில் பார்க்கலாமா?

ஆராதனைக்கும் நோயாளிகளைச் சந்திக்கும் நேரத்துக்கும் இடைஞ்சலாக இல்லையென்றால் பார்க்கலாம்.

இவற்றைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வருகிறது. அது பரிசுத்த ஆவியானவரின் செயலா?

அழுகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இசையமைப்பாளரின் திறமையாலும் அழுகை வரும். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடாமல் அனுப்புகிறவனைப் பற்றி யாக்கோபு எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நாம் அழுதே அனுப்பிவிடுகிறோம். ஆனால் கண்ணீரை அற்பமாக எண்ணவும் கூடாது. சமாரியன் அடிபட்டவனைக் கண்டு முதலில் மனதுருகினான். அதன் பிறகே கிட்ட வந்தான்.

உதவி செய்யும் இந்து, இஸ்லாமிய சகோதரர்களை "அறியாமலே கிறிஸ்தவர்கள்" என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். முற்றத்தில் விளக்கேற்றிவிட்டு நம் வீட்டு மரணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போடும் அயல்வீட்டு அண்ணனிடம், "நீங்கள் செய்ததெல்லாம் உண்மையில் எங்களுடையது" என்று சொன்னால் அவர் மனம் எப்படிப் புண்படும்? அவருடைய இரக்கத்துக்கு அவருடைய மரபில் ஆழமான வேர்கள் உண்டு. ரோமப் படையைச் சேர்ந்த புறஜாதியானான நூற்றுக்கு அதிபதியைக் குறித்து, "இஸ்ரவேலருக்குள்ளும் நான் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை" என்று ஆண்டவர் வியந்து பாராட்டினார். அவனுக்கு வேறு பெயர் சூட்டவில்லை. எல்லா நன்மையும் பிதாவினிடத்திலிருந்து வருகிறது என்பது நம் விசுவாசம். அந்த நன்மையைப் பாராட்டவும் அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் இந்த விசுவாசமே நமக்குப் போதும்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும்போது என்ன செய்யலாம்?

நிகழ்ச்சி முடிந்தவுடன் பாடம் நடத்தத் தொடங்காதீர்கள்; பிள்ளைகள் அடுத்த முறை எழுந்து போய்விடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம்: "அந்த மேடையில் உதவி வாங்கியவராக நீ இருந்தால், எந்த நிமிடத்தில் உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், எந்த நிமிடத்தில் கூச்சமாக இருந்திருக்கும்?" ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, "பேரைச் சொல்லாம அக்கான்னு கூப்பிட்டப்ப சந்தோஷமா இருந்திருக்கும்" என்றாள். பெரியவர்களான எங்களுக்கு அந்த இடம் கண்ணில் படவே இல்லை. அதன் பிறகு மத்தேயு 25-ஐ வாசித்தால் விளக்கம் அதிகம் தேவைப்படாது.

மலையாள நிகழ்ச்சிகள் நம் பிள்ளைகளுக்குப் புரியுமா?

எல்லையோரத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் புரியும். புரியாத சொல்லைப் பாட்டியிடம் கேட்கட்டும். நம் பகுதி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பிறந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

நிகழ்ச்சியில் காட்டிய குடும்பத்துக்குப் பணம் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் கணக்கு எண்ணையோ கியூஆர் கோடையோ நம்பி அனுப்பாதீர்கள். உண்மையான குடும்பத்தின் படத்தைப் போட்டு எண்ணை மட்டும் மாற்றிப் பரப்பும் மோசடிகள் உண்டு. சேனல் தன் நிகழ்ச்சியிலோ தன் அதிகாரபூர்வப் பக்கத்திலோ தந்த விவரத்தை மட்டுமே பின்பற்றுங்கள். நோயாளியின் சிகிச்சைக்கென்றால் மருத்துவமனைக் கணக்குக்கே செலுத்த வழியுண்டா என்று கேளுங்கள்.

அதற்கு முன், உங்கள் தெருவிலேயே அதே நிலையில் ஒரு வீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அந்த அட்டையே இன்னும் எடுக்காத வீடுகள் நம் சபை எல்லைக்குள் இருக்கின்றன, அலுவலகம் ஏறி இறங்கத் துணையில்லை என்பதே பல வீடுகளில் காரணம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்கு அந்த அம்மாவோடு பேருந்தில் போய்வர ஒரு பகல் போதும். போகும்போது மதியத்துக்கு இரண்டு பொதிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். வரிசை சில நாட்களில் நீளமாக இருக்கும்.